தொட்டுப் பார்க்க ஒரு டாங்கி

“சோப்பு டப்பா மாதிரி இருக்குடா,” என்றார் அண்ணன்.

கண்ணாடிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. படங்களுக்குச் சட்டம் போட்டும் ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்தும் காலம் தள்ளுகிற மனிதர் அவர். கடை சாத்திய பிறகு பசையும் கையுமாக உட்கார்ந்து, துண்டு துண்டாக ஒட்டி முடித்த பொம்மை டாங்கி அது. அண்ணன் பட்டாளத்தில் ஓட்டிய அதே வண்டி, உள்ளங்கை நீளத்தில். பீரங்கி திரும்பும், மேல்மூடி திறக்கும். யார் பார்த்தாலும் அசந்து போவார்கள். ஆனால் அண்ணனால் பார்க்க முடியாது. சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு கண்களையும் வாங்கிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிறது.

“அதே வண்டிதாண்ணே.”

“வண்டி சரிடா. ட்ராக் எங்க?”

“இதோ, சக்கரத்தைச் சுத்தி இருக்கே.”

“இதுவா? நான் ரப்பர் பேண்டுன்னுல்ல நினைச்சேன்!” அண்ணன் டாங்கியை மேஜைமேல் வைத்துத் தள்ளிப் பார்த்தார். “டாங்கின்னா ட்ராக்தாண்டா. இரும்பு இரும்பை மெல்ற சத்தம். இப்பவும் கண் அசந்தா அதுதான் காதுல ஓடுது. இது யாரோ செருப்பைத் தேய்ச்சுட்டுப் போற மாதிரி இருக்கு.”

“தம்பி ஆசையா செஞ்சு கொண்டாந்திருக்காரு. அதுல போய் நொட்டை சொல்றீங்களே,” என்று அடுப்படியிலிருந்து அண்ணி குரல் கொடுத்தாள்.

“நொட்டை இல்லடி. விரலும் மரத்துட்டு வருது பாரு. சுண்டு விரல் போயாச்சு, பக்கத்து விரல் பாதி போயாச்சு. மத்ததும் வரிசையா போகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருக்கறதும் போறதுக்குள்ள ஒருவாட்டி என் வண்டியை நிஜமாத் தொட்டுப் பார்த்துடலாம்னு ஒரு நப்பாசை.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் கண்ணாடிக்காரரை மாட்டிவிட்டது.

டாங்கி வாங்கிய பொம்மைக் கடையில் போய் விசாரித்தார். உலோகத்தில் தனியாக ட்ராக் பட்டை வருவது உண்மைதான். ஆனால் அது கடைக்கு வராது. “எந்த நாட்டுல இருந்து வந்தாலும் பேரவைக்குத்தான் போகும். அவங்கதான் ஏஜென்டு,” என்ற கடைக்காரர், குரலைத் தாழ்த்தி, “போறதுக்கு முன்னாடி வீட்ல சொல்லிட்டுப் போங்க,” என்றார்.

சிறுவடிவக் கவச வாகனப் பேரவை, ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே இஸ்திரி போடுகிற ஆவி படியேறி வந்து கூட்ட அறையில் தங்கிவிடும். சுவர் நீளத்துக்கும் கண்ணாடிப் பெட்டிகள். அவற்றுக்குள் டாங்கிகள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன, அவற்றைச் செய்தவர்களைப் போலவே. இடுப்பில் சாவிக்கொத்தோடு செயலாளர் உட்கார்ந்திருந்தார்.

“உலோகப் பட்டை ஒரு ஜோடி வேணும்ங்க.”

“உறுப்பினரா?”

“இல்லீங்க.”

“உறுப்பினர் இல்லாதவங்களுக்கு உலோகம் கிடையாது. பிளாஸ்டிக்கோட சரி.”

“அப்ப என்னைச் சேர்த்துக்குங்க.”

“தாராளமா. உலோகப் பட்டை மாட்டின டாங்கி ஒண்ணைக் கொண்டாந்து காட்டுங்க, சேர்த்துக்கறோம்.”

கண்ணாடிக்காரர் வந்த படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். “பட்டை இருந்தா நான் ஏங்க இங்க வரப்போறேன்?”

“எல்லாரும் முதல்ல இப்படித்தான் கேப்பாங்க,” என்றார் செயலாளர் பரிவாக. “போகப் போகப் பழகிடும்.”

பழகாதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். டாங்கியைக் கொண்டுவந்து பேரவையிலேயே உட்கார்ந்து, பேரவையின் கண்முன்னால் பட்டை கோக்கலாம். பரீட்சையில் தேறும்வரை டாங்கி படியிறங்காது.

“தேறினப்புறம்?”

“தேறினப்புறம் பேசிக்கலாம்.”

‘பேசிக்கலாம்’ என்ற வார்த்தையில் மூழ்கிப்போன வியாபாரிகளைக் கண்ணாடிக்காரர் நிறையப் பார்த்தவர். இருந்தும் அண்ணனின் விரல்களை நினைத்துக்கொண்டு டாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பட்டை என்று சொன்னார்களே தவிர, கைக்கு வந்தது ஒரு பை நிறைய உலோகப் பொடி மாதிரிதான் இருந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணிகள். ஒவ்வொன்றிலும் வார்ப்பின் பிசிறை அரத்தால் ராவ வேண்டும். மயிரிழைத் துளை அடைத்திருக்கும். அதைத் துளைக்க வேண்டும். இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பிடித்து மெல்லிய கம்பியைச் செருகி, முனையில் துளி பசை வைக்க வேண்டும். பசை உள்ளே கசிந்தால் போச்சு, கண்ணி விறைத்துக்கொள்ளும். மறுபடி பிரிக்க வேண்டும். தினமும் கடை முடிந்ததும் கண்ணாடிக்காரர் அங்கே போய்க் குனிந்தார். பட்டை வளர்ந்தது, அவர் கூனும் சேர்ந்து வளர்ந்தது. கடைசியில் கறுப்பாக்குகிற மருந்துத் தண்ணீரில் போட்டு எடுத்தபோது, நரைத்த தலைக்குச் சாயம் போட்டாற்போல வெள்ளிப் பட்டை ஒரே கறுப்பாக மாறியது. சக்கரத்தில் ஏற்றித் தள்ளினார்.

கறகறவென்று ஒரு சத்தம்.

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அண்ணன் சொன்ன சத்தம்! டாங்கியைத் தூக்கிக்கொண்டு அப்படியே ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் படிவாசலில் தொய்வுக்காரர் நின்றார்.

பேரவையில் தொய்வைப் பார்க்க என்றே ஒருவர் இருந்தார். சக்கரங்களுக்கு மேலே போகும் பட்டை இழுத்துக் கட்டினாற்போல இருக்கக்கூடாது, கனத்தில் கொஞ்சம் தொங்க வேண்டும். அந்தத் தொங்கலை அளப்பதுதான் அவருக்கு உத்தியோகம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு அளந்தார்.

“தொய்வுன்னா என்னன்னு நினைச்சீங்க?” என்று நிமிர்ந்தார். “தளர்ச்சின்னு நினைப்பீங்க. தப்பு. இழுத்துக் கட்டினவன் பொய் சொல்றான், தொங்க விட்டவன்தான் உண்மை சொல்றான். நான் தொய்வுக்காகவே வாழ்க்கையைக் கொடுத்தவன். வேலைக்குப் போகல, கல்யாணம் பண்ணிக்கல. இன்னைக்கு வரைக்கும் என்னை யாராலயும் இழுத்துக் கட்ட முடியல. உங்க தொய்வு பாஸ்.”

“ரொம்ப நன்றிங்க. அப்ப எடுத்துட்டுப் போகட்டுமா?”

“திசை தப்பா இருக்கே.”

கண்ணாடிக்காரருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் அம்புமுனை மாதிரி மேடாக ஒரு வரி இருந்தது. முன்னால் நின்று பார்த்தால் முனை கீழே பார்க்க வேண்டும் என்று டாங்கி வந்த பெட்டியில் படமே போட்டிருந்தது. அண்ணனும் அப்படித்தான் சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அறையில் இருந்தவர்கள் எல்லாரும், யாரோ பெரியவர் முன்னால் கெட்ட வார்த்தை பேசினாற்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளர் உள்ளறைக்குப் போய்த் தலைவரை அழைத்துவந்தார்.

தலைவர் கனமானவர், பேச்சும் கனமாகத்தான் வரும். கண்ணாடிக்காரரின் தோளைப் பிடித்து, நடு மேடையில் இருந்த பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். உள்ளே ஸ்தாபகர் தம் கையால் செய்த டாங்கி இருந்தது. பட்டையில் அம்புமுனைகள் எல்லாம் வானத்தைப் பார்த்தன. பக்கத்தில் ஒரு செத்த ஈ மல்லாந்து கிடந்தது.

“பாருங்க. முனை மேல. மேல போகணும்கற எண்ணம் அதுல இருக்கு. கீழ பார்க்கறவன் எப்படிங்க முன்னேறுவான்?”

“ஐயா, நிஜ டாங்கியில கீழதானே...”

“நான் நிஜ டாங்கியைப் பார்த்ததில்ல,” என்றார் தலைவர், பெருமையாக. “பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்ல. ஸ்தாபகர் டாங்கியைப் பார்த்திருக்கேன். அதுதான் டாங்கி. மத்ததெல்லாம் வண்டி.”

“அந்த ஈ?”

“அது ஒரு துக்கமான சம்பவம்,” என்றார் செயலாளர் தாழ்ந்த குரலில். “துடைச்சு முடிக்கறதுக்குள்ள அவசரப்பட்டுக் கதவை மூடிட்டோம். இப்ப அதை எடுக்கலாமா கூடாதான்னு ஒரு குழு யோசிச்சுட்டு இருக்கு. அதுக்கப்புறம்தான் ஒரு கட்டளை போட்டோம். துடைக்கற கையைத் தவிர எந்தக் கையும் பெட்டிக்குள்ள போகக்கூடாது. துடைச்சு முடிச்சேன்னு துடைக்கறவர் தன் வாயால சொல்றவரைக்கும் யாரும் கதவைச் சாத்தக்கூடாது. தலைவரே ஆனாலும் சரி.”

கண்ணாடிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “பூங்கா வாசல்ல ஒரு நிஜ டாங்கியே நிக்குதுங்களே. ஒரு எட்டு போய்ப் பார்த்துடலாமே,” என்றார்.

போனார்கள். போருக்குப் போய் ஓய்ந்த அந்த நிஜ டாங்கியின் முன்சரிவில் பிள்ளைகள் சறுக்கு விளையாடிக்கொண்டிருந்தன. பேரவை பிள்ளைகளை இறங்கச் சொல்லிவிட்டு, அளவுகோலை எடுத்தது. தொய்வுக்காரர் புழுதியில் படுத்து ஒரு கண்ணை மூடினார். பட்டையில் முனை கீழே பார்த்தது. கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“தொய்வு பத்தாது,” என்றார் தொய்வுக்காரர் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு.

“திசை தப்பு,” என்றார் தலைவர். “அளவும் அதிகம். துரு வேற கண்டபடி பூசியிருக்காங்க. ஸ்தாபகர் பார்த்திருந்தா மனசு உடைஞ்சு போயிருப்பார்.”

“ஐயா, இது நிஜம்ங்க!”

“நிஜமா இருந்தா தப்புப் பண்ணக்கூடாதா? நிஜம்தான் தம்பி ரொம்பத் தப்புப் பண்ணுது. அதனாலதானே நாம சின்னதா செய்யறோம்.”

நிஜ டாங்கி தேறவில்லை. பேரவை அதை நகராட்சிக்குத் தெரிவித்தது. பேரவை என்றால் யார் என்று நகராட்சிக்குத் தெரியாது. தெரியாத காரணத்தாலேயே பயந்துபோய், மறுபரிசீலனை முடியும்வரை டாங்கியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டது. தார்ப்பாய்மேல் இன்னும் நன்றாகச் சறுக்கியது என்று பிள்ளைகளுக்கு மட்டும் பரம சந்தோஷம்.

கண்ணாடிக்காரர் தோற்றுப்போய்ப் பட்டையைக் கழற்றினார். ஒட்டிய கம்பியை வெட்டி, பட்டையைத் திருப்பிப் போட்டு, முனைகளை மேலே பார்க்கவைத்து மறுபடி கோத்தார். கண்ணாடியைக் கோணலாக அறுத்து விற்றாற்போல அவருக்கு மனசு உறுத்தியது. போகட்டும், சத்தம் அதே சத்தம்தானே என்று தேற்றிக்கொண்டார்.

டாங்கி தேறியது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“எடுத்துட்டுப் போகலாம்ல?”

செயலாளர் காயப்பட்டுப்போனார். “தேறின டாங்கியையா? தேறாததைத்தாங்க தூக்கிட்டுப் போகலாம். தேறினது பேரவையோட பெருமை. பெட்டிக்குள்ள இருக்கணும்.”

“பெட்டி காலியா இல்லையே?”

“அதைத்தான் நாங்களும் யோசிச்சோம். நீங்க என்ன தொழில்?”

இப்படியாக, கண்ணாடிக்காரர் தம் டாங்கிக்கான சிறையைத் தாமே அளந்து, தாமே அறுத்து, மூலைக்கு மூலை ஒட்டி, கதவும் வைத்துக் கொடுத்தார். வேலை சுத்தம், ஊசி நுழைய இடமில்லை. வேலையின் சுத்தத்தைப் பார்த்து அசந்துபோன பேரவை, அவரைக் கண்ணாடித் துறைத் தலைவர் ஆக்கியது. சாவி செயலாளர் இடுப்புக்குப் போனது.

“எனக்குப் பதவி வேணாம்ங்க. நான் விலகிக்கறேன், டாங்கியைக் கொடுத்துடுங்க.”

“சாதாரண உறுப்பினர் விலகலாம். துறைத் தலைவர் எப்படிங்க விலகறது? உங்க இடத்துக்கு ஆள் வேணும்ல?”

“ஆள் பார்த்துக் கொடுத்தா?”

“அதை முடிவு பண்றது கண்ணாடித் துறைத் தலைவர். நீங்கதான். ஆனா சொந்த விஷயத்துல நீங்க முடிவு பண்ணக்கூடாது.”

வீட்டுக்குப் போனால் அண்ணன் நாற்காலியிலிருந்தே காலடிச் சத்தத்தைக் கண்டுபிடித்துவிடுவார். “வண்டி வந்துச்சாடா?”

“வந்துடும்ணே.”

“நடுவிரலும் கிளம்பிட்டான்டா. சூடு தெரியல. டம்ளரைப் பிடிச்சா பிடிச்ச மாதிரியே இல்ல.”

அண்ணி சோற்றைப் போட்டுக்கொண்டே இடித்தாள். “உங்க தம்பி டாங்கிக்குப் பட்டை வாங்கப் போகலீங்க. அந்தப் பேரவைக்கு வாக்கப்பட்டுட்டாரு. போறதும் வர்றதும் பாருங்க, புது மருமக மாதிரி, வாயைத் திறக்க மாட்டேங்கறாரு.”

கொஞ்ச நாளில் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. படி வரைக்கும் வந்து அண்ணி மெதுவாகச் சொன்னாள்: “கேட்டா நீங்க சங்கடப்படுவீங்களாம். அதான் கேக்கலையாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம், தம்பி. அதுவும் காலையில கொஞ்ச நேரம்தான் நல்லா இருக்கு.”

கண்ணாடிக்காரர் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். டாங்கி படியிறங்காது. சரி, அண்ணன் படியேறட்டும்.

பேரவையின் ஆண்டு விழா காலையில் நடந்தது. அண்ணி ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் பிடித்துக்கொள்ள, அண்ணன் சலவைக் கடை ஆவியில் வேர்த்துப்போய் மேலே வந்து சேர்ந்தார். தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

“ஒரு உறுப்பினர் என்கிட்ட கேட்டார், ஐயா, இத்தனை டாங்கி செஞ்சோமே, எதையும் ஒருதடவைகூட உருட்டிப் பார்க்கலையேன்னு. நான் சொன்னேன், உருட்டினா தேயும். தேயக்கூடாதுன்னுதானே உலோகம் மாட்டறோம்! உலோகம் எதுக்கு? உறுதிக்கு. உறுதி எதுக்கு? பெட்டிக்குள்ள அசையாம நிக்கறதுக்கு!”

கைதட்டல் ஓய்ந்ததும் கண்ணாடிக்காரர் அண்ணனைப் பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்தார். “அண்ணே, இதுக்குள்ளதான் இருக்கு.”

அண்ணன் கையை நீட்டினார். கண்ணாடிதான் தட்டுப்பட்டது. தம்பி அறுத்த கண்ணாடி.

“தொடாதீங்க, ரேகை படியும்,” என்று செயலாளர் ஓடிவந்தார். “கண்ணால நல்லாப் பார்க்கலாம்.”

“எனக்குக் கண் தெரியாதுங்க.”

செயலாளர் திணறவில்லை. தொய்வுக்காரரைக் கூப்பிட்டு, “இவருக்குத் தொய்வை விவரிச்சுச் சொல்லுங்க,” என்றார். தொய்வுக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விவரிக்க ஆரம்பித்தார். அண்ணன் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு நின்றார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன, அணையப் போகிற அடுப்பை ஊதிவிடுகிற மாதிரி.

அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, யாருமே தொடக்கூடாதுன்னா உள்ள இருக்கற தூசியை யாரு எடுக்கறது?”

“துடைக்கறவங்க எடுப்பாங்கம்மா.”

“அவங்க தொடலாமா?”

“துடைக்கற கைக்கு விலக்கு உண்டு.”

“அந்தத் துடைக்கறவங்களும் உறுப்பினரா இருக்கணுமா?”

செயலாளர் சிரித்துவிட்டார். “துடைக்கறவங்களைப் போய் உறுப்பினரா சேர்ப்பாங்களா? அவங்களைப் பத்தி நாங்க யோசிச்சதே இல்லம்மா. கண்ணாடித் துறைத் தலைவர் யாரைக் கை காட்டறாரோ அவங்கதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் அண்ணி முந்தானையில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து அண்ணன் கையில் வைத்துவிட்டாள். கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் முதல்முறையாகப் பதவியில் இருப்பவர் மாதிரி பேசினார்.

“கண்ணாடித் துறைத் தலைவர்ங்கற முறையில, இவரைத் துடைக்க நியமிக்கறேன். பெட்டியைத் திறங்க.”

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் நடு மேடையில் இருந்த ஈயைப் பார்த்தார். கட்டளை அவர் போட்டதுதான். சாவிக்கொத்து குலுங்கியது, கதவு திறந்தது.

அண்ணன் கையை உள்ளே விட்டார். கைக்குட்டை முதல் நிமிடமே நழுவிக் கீழே விழுந்துவிட்டது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. பீரங்கியைத் தடவினார், மூடியைத் தடவினார், கீழே இறங்கிப் பட்டைக்கு வந்தார். குளிர்ந்த உலோகம். கட்டை விரல் கண்ணி கண்ணியாக நடந்து போயிற்று. பிறகு மெல்ல முன்னால் தள்ளினார்.

கறகறவென்று அந்தச் சத்தம் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிதாக எழுந்தது. பெட்டிக்குள் போன எந்த டாங்கியும் அசைந்தறியாத அந்த அறையில் எல்லாரும் ஓரடி பின்னால் போனார்கள்.

அண்ணனின் முகம் மாறிவிட்டது. விரல் ஒரு கண்ணியில் நின்றது.

“டேய்.”

“அண்ணே?”

“ட்ராக்கைத் திருப்பி மாட்டியிருக்க.”

தலைவர் ஸ்தாபகர் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர், இத்தனை நாளாக அடக்கி வைத்ததெல்லாம் நெஞ்சுக்கு வந்து நிற்க, “ஆமாண்ணே, நான் சரியாத்தான் மாட்டினேன், இவங்கதான்...” என்று ஆரம்பித்தார்.

“அட, விடுடா,” என்று அண்ணன் சிரித்தார். “நாங்களும் ஒருவாட்டி அவசரத்துல, மழையில, இப்படித்தான் மாட்டிட்டோம். ஒருத்தனும் கவனிக்கல. அதுபாட்டுக்கு ஓடுச்சு. எப்படி மாட்டினாலும் ஓடும்டா, ஓட்டினாத்தான்.”

தலைவருக்கு உயிர் வந்தது. “கேட்டீங்களா!” என்று சபையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “போர்க்களத்துலயே நம்ம முறைதான்! ஸ்தாபகர் வாழ்க!” பலத்த கைதட்டல். அண்ணன் சொன்னதில் பாதி அந்தக் கைதட்டலில் அமுங்கிப்போயிற்று. பேரவைக்குத் தேவைப்படாத பாதி அது. கண்ணாடிக்காரருக்கு இனி வாழ்நாளில் விடுதலை இல்லை என்பதும் அந்தக் கைதட்டலிலேயே முடிவாகிவிட்டது.

விழா முடிந்தது. நாற்காலிகளை மடக்கினார்கள். செயலாளர் சாவியோடு பெட்டிப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா, துடைச்சாச்சா?”

“இன்னும் இல்லீங்க,” என்றார் அண்ணன். டாங்கி ஒரு விரற்கடை முன்னால் போயிற்று, ஒரு விரற்கடை பின்னால் வந்தது. கறகற.

“ஹாலைப் பூட்டணும்ங்க. தலைவர் சாப்பிடப் போகணும், துறைத் தலைவர்கள் எல்லாம் நிக்கறாங்க. பெட்டி திறந்திருக்கறப்ப யாரும் வெளிய போகக்கூடாது.”

“அது யாரு போட்ட கட்டளை?” என்று அண்ணி கேட்டாள்.

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் மடக்கிய நாற்காலி ஒன்றை மறுபடி விரித்து உட்கார்ந்தார். தொய்வுக்காரர் சுவரில் சாய்ந்து, அவர் அளக்கிற பட்டை மாதிரியே தொங்கிப்போனார். கீழேயிருந்து இஸ்திரி ஆவி ஏறி வந்துகொண்டிருந்தது.

“துடைச்சாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ஐயா,” என்றார் செயலாளர், கெஞ்சுகிற குரலில்.

அண்ணன் ஆள்காட்டி விரலைக் கண்ணியின் இடுக்கில் வைத்துப் பார்த்தார். இன்னும் தெரிந்தது, குளிர்ச்சியும் கூர்மையும்.

“கொஞ்சம் இருங்க,” என்றார். “இந்தப் பக்கம் இன்னும் தூசி இருக்கு.”